கோடி: ஒரு சொல் விளக்கம்

குமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பக்கத்து வீடுகளில் ‘கோடி’ என்றதும் முதலில் நினைவுக்கு வருவது எண் அல்ல, புதுத் துணி. ஓணத்தன்று காலையில் என் பாட்டி பெட்டியைத் திறந்து, கஞ்சி மொடமொடப்புப் போகாத முண்டின் ஓரத்தில் மஞ்சள் தொட்டுவைத்து, “மக்களே, கோடி உடுத்திட்டு வா” என்பாள். அதே பாட்டி, வழி கேட்டு வருபவரிடம் “தெருக்கோடியில இருக்கு” என்பாள். அந்தக் கோடிக்குக் கடைசி, முனை என்று பொருள். கன்னியாகுமரியே தீவுகளை விட்டுவிட்டால் நாட்டின் தென்கோடிதானே.

எண்ணைக் குறிக்கும் கோடியும் இந்த முனையோடு சேர்ந்ததுதான். வடமொழியில் ‘கோடி’ வில்லின் வளைந்த நுனி. பிறகு எந்தப் பொருளின் உச்சியும். அப்புறம் எண்ணிக்கையின் உச்சி. தமிழில் கோடுதல் என்றால் வளைதல். கோடு என்றால் கொம்பு, மலையுச்சி. எந்த மொழி எதற்குக் கொடுத்தது என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. நம் கடற்பாறையில் 133 அடிச் சிலையாக நிற்பவர் “கோடி தொகுத்தார்க்கும் துய்த்தல் அரிது” என்று தயங்காமல் எழுதிய சொல் அது. எனக்கு அது போதும்.

பத்தை ஏழு தடவை எழுதிப் பெருக்கினால் ஒரு கோடி: 1,00,00,000. உடைத்துப் பார்த்தால் ஏழு இரண்டுகளும் ஏழு ஐந்துகளும் மட்டுமே கிடைக்கும்; மூன்றுக்கோ ஏழுக்கோ அதில் இடமில்லை. மீதியில்லாமல் அதை வகுக்கும் எண்கள் 64. இத்தனை சுழியங்கள் இருந்தும் அது வர்க்க எண் ஆகாது, ஏழு ஒற்றைப்படை என்பதால். 3162-இன் வர்க்கம் 99,98,244. அடுத்த எண்ணான 3163-இன் வர்க்கம் 1,00,04,569. நடுவில் கோடி மாட்டிக்கொள்கிறது. ஆனால் இரண்டு வர்க்கங்களாகப் பிரித்தால் அழகாகப் பிரியும்: 1000-இன் வர்க்கம் பத்து லட்சம், 3000-இன் வர்க்கம் தொண்ணூறு லட்சம். இதை முதன்முதல் தாளில் போட்டுப் பார்த்த அன்று, வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கோடிக்குள் இருக்கும் பகா எண்கள் 6,64,579. நொடிக்கு ஒன்றாக, தூங்காமல் எண்ணினாலும் கோடியைத் தொட 115 நாளும் 17 மணி 46 நிமிடம் 40 நொடியும் வேண்டும்.

தனித்தமிழில் சொல்ல வேண்டுமென்றால் லட்சத்துக்கு ‘நூறாயிரம்’ உண்டு. அந்தக் கணக்கில் கோடி ‘நூறு நூறாயிரம்’. பெரியாழ்வார் “பலகோடி நூறாயிரம்” என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பாடினார். அதனால் கோடியை விலக்கச் சொல்ல மாட்டேன். விலக்க வேண்டியது ‘பத்து மில்லியன்’ என்பதைத்தான். அதைத் தமிழ்ச் செய்தியில் பார்க்கும்போதெல்லாம், நம்மில் பலர் அதைப் பத்து லட்சம் என்றே படித்துவிடுகிறோம்.