பனியன் சாயத்தில் குளோரினுக்கு என்ன வேலை?

திருப்பூர்ப் பனியன் வெளுத்ததிலும், அதில் நிறம் பிடித்ததிலும், அப்புறம் நொய்யல் ஆறு கெட்டதிலும் குளோரினுக்குப் பங்கு உண்டு.

குளோரின் அணுவின் வெளிக்கூட்டில் 7 எலக்ட்ரான்கள்தான், எட்டாவது கிடைக்கும் வரை யாரிடமிருந்தாவது பிடுங்கப் பார்க்கும். புளூரின், புரோமின், அயோடினும் அப்படித்தான். மேட்டூரில் உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி குளோரினையும் காஸ்டிக் சோடாவையும் எடுக்கிறார்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் ஹைப்போகுளோரைட். நூலின் இயற்கையான மஞ்சள் நிறத்துக்குக் காரணமான மூலக்கூறுகளை அது உடைத்துவிடும், துணி வெள்ளையாகும். இப்போது இந்த வேலையைப் பெரும்பாலும் பெராக்சைடு பார்த்துக்கொள்கிறது. குடிதண்ணீர்த் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்வதும் எலக்ட்ரானைப் பிடுங்கும் இதே குணத்தால்தான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும்.

சரி, சாயத்துக்கு வருவோம். 1956-ல் விற்பனைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள் பருத்திச் சாயமிடுதலையே மாற்றிவிட்டன. அதற்கு முன் பல சாயங்கள் நூலில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், துவைக்கத் துவைக்க வெளுக்கும். ரியாக்டிவ் சாயங்கள் பலவற்றில் மூலக்கூறின் ஓரத்தில் ஒரு குளோரின் அணு இருக்கும். சோடா சாம்பல் போட்டுக் காரமாக்கியதும் பருத்தியின் செல்லுலோஸ் வந்து அந்தக் குளோரினைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் தானே சாயத்தோடு பிணைந்துகொள்கிறது. நிறம் நூலின் பகுதியாகவே ஆகிவிடுகிறது.

ஆனால் சாயம் முதலில் நூலுக்குப் பக்கத்தில் வர வேண்டுமே! தண்ணீரில் பருத்திக்கும் எதிர்மின்னேற்றம், சாயத்துக்கும் எதிர்மின்னேற்றம், அதனால் இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். இந்த விலக்கத்தை அடக்கத்தான் சாயப்பட்டறையில் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டுகிறார்கள். அடர்ந்த நிறங்களுக்கு லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் போகும், கடல் தண்ணீரிலேயே சுமார் 35 கிராம்தான். இந்த உப்பு நூலில் தங்குவதில்லை, அப்படியே கழிவுநீரோடு வெளியே வருகிறது.

சிக்கலே இங்கேதான். உப்பில் இருக்கும் குளோரைடு எட்டாவது எலக்ட்ரானை வாங்கிவிட்ட குளோரின். அதற்கு இனி எதுவும் தேவையில்லை, அதனால் எளிதில் எதோடும் வினைபுரியாது, பாக்டீரியாவும் அதைத் தின்னாது. சுண்ணாம்பு போட்டுச் சாயத்தின் நிறத்தைப் பெருமளவு எடுத்துவிடலாம், குளோரைடு அப்படியே நிற்கும். நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணைக்குள் அதுதான் தேங்கியது, கிணறுகளில் இறங்கி விவசாயிகளின் வயலைக் கெடுத்தது. 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்புறம் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற முறையில்தான் அவை இயங்க முடிந்தது: ஆர்.ஓ. சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்திப் பிரிப்பார்கள், மிஞ்சுவதை ஆவியாக்கி உப்பை எடுத்து மறுபடி சாயத்துக்கே போடுவார்கள். இதற்கு மின்சாரமும் விறகும் ஏகப்பட்ட செலவு, கடைசியில் எதற்கும் உதவாத கலவை உப்பும் மிஞ்சுகிறது.

பருத்தியையே முன்கூட்டி நேர்மின்னேற்றம் பெறச் செய்தால் சாயம் தானாக ஈர்க்கப்படும், உப்பே வேண்டாம் என்ற அளவுக்குக் குறையும். இந்த முறை இருக்கிறது, நிறம் எல்லா இடத்திலும் சமமாகப் பிடிக்க வைப்பதுதான் அதில் கடினம். என்னைக் கேட்டால், நம் பகுதிப் பணமும் மூளையும் முதலில் போக வேண்டியது இதற்குத்தான்.