பெயரிலியா, பெயர் மறைத்தவரா?

1744-ல் லண்டனில் ‘டேவிட் சிம்பிள்’ என்றொரு நாவல் வெளிவந்தது. முகப்புப் பக்கத்தின் அடியில் பதிப்பாளர் ஆண்ட்ரூ மில்லரின் பெயர் இருக்கிறது. எழுதியவர் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘ஒரு சீமாட்டி எழுதியது’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். இப்படி வரும் நூலை ஆங்கிலத்தில் ‘அனானிமஸ்’ என்பார்கள். தமிழில் என்ன சொல்வது?

வேர்ச்சொல் கிரேக்கம். ‘ஓனோமா’ என்றால் பெயர். ‘ஓனிமா’ அதன் கிளை வடிவம். ‘இல்லாத’ என்று பொருள் தரும் ‘அன்’ முன்னால் ஒட்டினால் பெயரற்றது என்றாகும். லத்தீன் வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. நாம் வழங்கும் ‘அநாமதேயம்’ வடமொழிச் சொல். நாமதேயம் என்றால் பெயர், முன்னால் நிற்கும் ‘அ’ இன்மையைக் குறிக்கிறது. கிரேக்க ஓனோமாவும் வடமொழி நாமமும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. எனவே இந்த இரண்டு சொற்களும் பங்காளிகள்.

ஆனால் தமிழில் அநாமதேயத்துக்கு வேறொரு வாடை ஏறிவிட்டது. அநாமதேயக் கடிதம், அநாமதேயத் தொலைபேசி மிரட்டல் என்றுதான் காதில் விழுகிறது. ‘மொட்டைக் கடுதாசி’ இன்னும் மோசம், யாரோ யாரையோ போட்டுக்கொடுக்கும் வேலை. ஒரு பெண் உட்கார்ந்து எழுதிய நாவலை இந்த வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

‘பெயரிலி’ அழகான சொல்தான். ஆனால் பெயரே இல்லாதவர் என்றல்லவா ஆகிறது? குறுந்தொகைப் புலவர்கள் சிலரின் பெயர் காலத்தில் தொலைந்துவிட, அவரவர் பாட்டில் வந்த தொடரையே பெயராக வைத்தார்கள்: செம்புலப்பெயனீரார், அணிலாடுமுன்றிலார். அவர்களைப் பெயரிலி என்றால் ஓரளவு பொருந்தும். ‘ஒரு சீமாட்டி’ என்று எழுதிய லண்டன் பெண்களின் பெயர் அப்படித் தொலையவில்லை. அவர்களே அதை எடுத்து ஒளித்துவைத்தார்கள். அதற்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதற்கு ஆங்கில நாவலாசிரியை ஃபேன்னி பர்னியின் கதையே போதும்.

பர்னியின் அப்பா இசை வரலாறு எழுதியவர். அவருடைய கையெழுத்துப் படிகளை மகள்தான் படியெடுத்துக் கொடுத்தாள். அதனால் அச்சுக்கூடத்துக்காரர்கள் தன் கையெழுத்தை அடையாளம் கண்டுவிடுவார்களோ என்று பயம். தன் நாவல் ‘ஈவ்லினா’ முழுவதையும் கையெழுத்தை மாற்றி மாற்றிப் படியெடுத்தாள். முதலில் ஜேம்ஸ் டாட்ஸ்லி என்ற பதிப்பாளரிடம் கேட்டுப் பார்த்தார்கள். எழுதியவர் யாரென்று தெரியாமல் எதையும் பார்க்க முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். அப்புறம் ஃப்ளீட் தெருவில் இருந்த தாமஸ் லௌண்ட்ஸ் படித்துப் பார்க்க ஒப்புக்கொண்டார். தம்பி மாறுவேடத்தில் போய்ப் பிரதியைக் கொடுத்தான். பதிப்பாளரின் கடிதங்கள் ஒரு காபிக் கடை முகவரிக்கு, ஓர் ஆணின் பொய்ப் பெயரில் வந்தன. கிடைத்த விலை 20 கினி (ஒரு கினி ஒரு பவுண்டைவிடச் சற்றே கூடுதல்). 1778 ஜனவரியில் புத்தகம் வெளிவந்தபோது அச்சிட்டவருக்கு எழுதியவர் யாரென்று தெரியாது, பெற்ற அப்பாவுக்கும் தெரியாது.

இங்கே ‘பதிப்பாளர்’ என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். அன்றைய லண்டனில் கையெழுத்துப் படியை விலைக்கு வாங்கி, அச்சுக்குக் கொடுத்து, கடையில் வைத்து விற்றவரை ‘புத்தகம் விற்பவர்’ என்றே அழைத்தார்கள். முகப்பில் எழுதியவர் பெயர் இல்லாமல் போகலாம், கடைக்காரர் பெயரும் தெருவும் பெரும்பாலும் இருக்கும். வாசகருக்கு நம்பிக்கை தர அந்த ஒரு பெயர்தான் இருந்தது.

பெயரை ஏன் மறைத்தார்கள்? புத்தகம் எழுதி விற்பது குடும்பப் பெண்ணுக்கு அழகில்லை என்ற எண்ணம் ஒரு காரணம். ஆனால் வெறுமையாக விட்ட இடம் வெறுமையாகவே இருக்கவில்லை. அதில் ஆண்களின் பெயர் வந்து உட்கார்ந்தது. ‘டேவிட் சிம்பிள்’ சாரா ஃபீல்டிங் எழுதியது. ஊர் அதை அண்ணன் ஹென்றி எழுதியது என்றது. இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் ‘நான் எழுதவில்லை’ என்று ஹென்றியே சொல்லவேண்டியதாயிற்று.

1747-ல் வந்த ஹன்னா கிளாஸின் சமையல் புத்தகமும் ‘ஒரு சீமாட்டி’ எழுதியதாகவே வந்தது. அதை விற்ற இடங்களில் ஒன்று பீங்கான் கடை. கொத்தமல்லி விதையை வறுத்துப் போட்டுக் கோழியில் ‘இந்திய முறைக் கறி’ செய்யும் குறிப்பு அதில் உண்டு. நம் ‘கறி’ என்ற சொல் அப்போதே அந்த அடுப்படிக்குள் போய்விட்டிருந்தது. இந்தப் புத்தகத்தையும் ஜான் ஹில் என்ற மருத்துவர் எழுதியதாகப் பேசிக்கொண்டார்கள். 1778-ல் ஒரு விருந்தில் இந்தப் பேச்சு வந்தபோது, பெண்கள் நன்றாக நூல் நூற்பார்கள், ஆனால் நல்ல சமையல் புத்தகம் எழுத அவர்களால் ஆகாது என்றார் அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன். இதில் மனம் கனக்கும் விஷயம் ஒன்று உண்டு. ‘சீமாட்டி’ என்று நாம் பெயர்க்கும் ‘லேடி’ என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளே ‘ரொட்டி மாவு பிசைபவள்’ என்பதுதான்.

ஆகவே நமக்கு இரண்டு சொற்கள் வேண்டும். பெயர் தொலைந்துபோனால் ‘ஆசிரியர் பெயர் தெரியவில்லை’ என்று எழுதலாம், பழைய பதிப்புகளில் பழகிய வழக்கம்தான். வேண்டுமென்றே மறைத்திருந்தால் ‘பெயர்மறைவு’ என்று சொல்லலாம். தலைமறைவு என்ற சொல் நமக்குப் பழக்கம் என்பதால் இது காதுக்கு உறுத்தாது. எழுதியவரைப் ‘பெயர் மறைத்த ஆசிரியர்’ எனலாம். இதைப் புனைபெயரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. புனைபெயரில் மாற்றுப் பெயர் ஒன்று இருக்கும், இங்கே அதுவும் கிடையாது.

பர்னியின் அடுத்த நாவல் ‘சிசிலியா’ 1782-ல் வந்தபோது அவர் யாரென்று ஊருக்கே தெரியும். விலையும் 250 பவுண்டாக ஏறியிருந்தது. அப்போதும் முகப்பில் பெயர் இல்லை, ‘ஈவ்லினா ஆசிரியர் எழுதியது’ என்றுதான் இருந்தது. அநாமதேயம் என்றோ பெயரிலி என்றோ இந்த நூலைச் சொல்ல முடியாது. பெயர்மறைவு என்றால் சரியாக இருக்கும்.