ஆர்கனுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் ஆர்மோனியப் பெட்டி ரிப்பேர் பார்க்கிறவன் நான். பாதி வேலை நாடகக்காரர்களுடையது, மீதி சர்ச்சுகளில், பாட்டுக்கு வாசிக்கிற ஆர்கன் பெட்டி. சர்ச்சிலிருந்து போன் வருவது பெரும்பாலும் டிசம்பர் 20க்கு மேல்தான், “அண்ணே, ஆர்கன் விடாமக் கத்துது” என்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊறி, விரலால் அமுக்குகிற கட்டை இறுகியிருக்கும், அமுக்கினது எழாது, அவ்வளவுதான். நன்றாகக் காயவிட்டு, உரசுகிற இடத்தில் பென்சில் கரி தேய்த்தாலே பாதி சரியாகிவிடும்.

தேவகோட்டைப் பக்கம் ஒரு சர்ச்சில் கோயில்பிள்ளை, அதாவது சர்ச்சைப் பார்த்துக்கொள்கிறவர், நல்ல மனசோடு இடுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார். திறந்து பார்த்தால் எண்ணெயும் தூசியும் சேர்ந்து அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி கிடக்கிறது. ரீடு என்பது மெல்லிய பித்தளை நாக்கு. சட்டத்தில் உரசாமல் மயிரிழை இடைவெளியில் ஆட வேண்டும். ஒரு தூசி சிக்கினாலே ஊமையாகிவிடும், நுனியில் எண்ணெய் படிந்தால் கனம் கூடிச் சுருதி இறங்கிவிடும். இரண்டு வரிசை, 122 ரீடு, ஒவ்வொன்றாகக் கொக்கி போட்டு இழுத்துக் கழுவினேன். நான்கு நாள் போனது.

அதை ஊரே பைப் ஆர்கன் என்றுதான் சொன்னது, மேலே வரிசையாகக் குழாய் நிற்கிறதே! அது வெறும் அலங்காரம். அசல் பைப் ஆர்கனில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனிக் குழாய், மரத்திலோ ஈயமும் வெள்ளீயமும் கலந்தோ செய்தது. காற்று சூடேறினால் அதன் சுருதியும் ஏறும். இதுவோ ரீடு ஆர்கன், நாடகப் பெட்டிக்குப் பங்காளி முறை. 1840களில் பாரிசில் தெபெய்ன் என்பவர் உரிமம் வாங்கிய ஆர்மோனியம் காற்றை ரீடு வழியாகத் தள்ளும். அமெரிக்க வகை உள்ளே இழுக்கும், கூடவே கோயில் தூசியையும்.

எண்ணெயையாவது கழுவிவிடலாம், வெள்ளைப் பசைதான் என்னைக் கடுப்பேற்றும். துருத்தித் தோலைப் பழைய ஆட்கள் வச்சிரம் என்கிற விலங்குப் பசையைக் காய்ச்சி ஒட்டினார்கள். வெந்நீர் பட்டால் விட்டுவிடும், அடுத்து வருகிறவன் தோலை மாற்றலாம். வெள்ளைப் பசையை எடுக்கப் போனால் மரமும் சேர்ந்து பிய்கிறது.

அப்புறம் எலி. அது நுழைவது கால் மிதிக்கும் பலகை இடுக்கு வழியாக, அங்கே ஒரு தகரம் அடித்துவிடுங்கள். வாரத்துக்கு அரை மணி நேரமாவது யாராவது வாசியுங்கள், மடிந்தே கிடக்கும் தோல் மடிப்பிலேயே வெடித்துவிடும்.

அந்தத் தேவகோட்டைப் பெட்டியில் ஒரு கட்டை மட்டும் இன்னும் மூக்கால் பாடுகிறது. பாடகர் குழு பழகிக்கொண்டது.