லாரிப் பட்டையும் ரோலர் கோஸ்டரும்

"மாரியம்மன் நோம்பிக்கு வர்ற ராட்டாந்தூரிய ரெண்டே நாள்ல கழட்டி அடுத்த ஊர்ல மாட்டிடறாங்க. வெளிநாட்டுல முப்பது நாப்பது வருசம் ஓடுன ரோலர் கோஸ்டரையும் அப்படியே கழட்டி இன்னொரு நாட்டுக்கு விக்கறாங்களாமே, அதெப்புடிங்க முடியும்? பழசு ஆபத்தில்லீங்களா?" என்று பெருந்துறை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முடியும். ஆபத்தா என்பது இடம் மாற்றியவர்கள் எவ்வளவு பொறுமையாக வேலை செய்தார்கள் என்பதைப் பொறுத்தது.

நம் ஊர்த் தூரி, அதாவது ராட்டினம், கழற்றி மாட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. பின்னை உருவினால் கை தனியாக வந்துவிடும். ரோலர் கோஸ்டரிலும் அந்த வகை உண்டு. ஜெர்மனியின் ஆன்டன் ஸ்வார்ஸ்கோஃப் 1989இல் செய்த ஐந்து வளைய ஒலிம்பியா லூப்பிங், திருவிழாவுக்குத் திருவிழா லாரிகளில் போவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. பூங்காக்களில் நிலையாகக் கட்டியவற்றின் கதை வேறு. அவை நின்ற இடத்தில் நின்று, அந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகிப்போனவை. ஆனால் வயதாக ஆகப் பராமரிப்புச் செலவு ஏறும், உதிரிபாகம் கிடைக்காது, நிலத்தின் விலை கூடும். அப்போது பூங்காவுக்கு இருப்பது இரண்டு வழி: உடைத்து இரும்பு விலைக்குப் போடலாம், அல்லது விற்கலாம். நியூயார்க்கின் கோனி ஐலேண்டில் 1925 முதல் நின்ற தண்டர்போல்ட் 2000இல் இடிக்கப்பட்டது.

தப்பித்தவற்றில் அழகானது ஃபீனிக்ஸ். டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 1947இல் 'ராக்கெட்' என்ற பெயரில் கட்டிய மரக் கோஸ்டர் அது. 1980இல் பூங்கா மூடியது. பென்சில்வேனியாவின் நோபெல்ஸ் பூங்கா அதை வாங்கியபோது கையில் வரைபடமே இல்லை. ஒவ்வொரு மரத்துண்டுக்கும் எண் போட்டுக் கழற்றினார்கள். 1985இல் மீண்டும் ஓடியது, இன்றும் ஓடுகிறது. முதல் இறக்கம் 22 மீட்டர். பள்ளிக் கணக்குப்படி அடியில் மணிக்கு 75 கிலோமீட்டர் வேகம் வர வேண்டும். நிஜத்தில் 72 வருகிறது. அந்த மூன்றைக் காற்றும் உராய்வும் எடுத்துக்கொள்கின்றன.

மரத்தின் முதுமை கண்ணுக்குத் தெரியும். உளுக்கும், ஆணி தளரும், தச்சர் தினமும் காலையில் தண்டவாளத்தோடு நடந்து பார்த்து மாற்றிவிடுவார். எஃகின் முதுமை அப்படித் தெரியாது.

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் ஏதாவது லாரிப் பட்டறையில் முறிந்து கிடக்கும் பட்டை (லாரியின் பாரத்தைத் தாங்கும் வில்) ஒன்றைக் கையில் எடுத்து, முறிந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அதில் பெரும்பாலும் இரண்டு விதமான பரப்பு இருக்கும். சென்டர் போல்ட் ஓட்டையை ஒட்டிய பகுதி வழவழப்பாக, கறுத்து, சிப்பி ஓட்டில் உள்ளதுபோல வளைவளைவான கோடுகளோடு இருக்கும். மீதிப் பகுதி கற்கண்டை உடைத்தாற்போல மணிமணியாக மின்னும். மின்னுகிற பகுதி முறிந்தது கடைசி ஒரு நொடியில். வழவழப்பான பகுதி முறிய மாதங்கள் ஆகியிருக்கும். ஓட்டையின் விளிம்பில்தான் தகைவு, அதாவது பாரம் இரும்புக்குள் உண்டாக்கும் இறுக்கம், குவிகிறது. வண்டி ஒவ்வொரு குழியில் இறங்கும்போதும் அங்கே முடியினும் மெல்லிய விரிசல் ஒன்று திறந்து மூடும், திறக்கும்போது ஓரிழை நீளும். உரசி உரசி முகம் வழவழப்பாகும். பட்டை தாங்கக்கூடியதைவிட அதிக பாரம் ஒருநாளும் ஏறியிருக்க வேண்டியதில்லை. இதற்குப் பெயர் உலோகச் சோர்வு. ரயில் அச்சுகள் காரணமில்லாமல் முறிவதைக் கண்டு, ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதை ஆண்டுக்கணக்கில் சோதித்தார்.

ரோலர் கோஸ்டரில் சென்டர் போல்ட் ஓட்டையின் வேலையைச் செய்வது வெல்டிங். உருகி உறைந்த வெல்டு தாய் இரும்பைத் தொடும் விளிம்பில்தான் விரிசல் பிறக்கும். ஒரு கணக்குப் போடுவோம். மணிக்கு 30 ஓட்டம், நாளுக்கு 10 மணி நேரம், வருடத்தில் 200 நாள் என்றால் 60,000 ஓட்டம். ரயிலில் ஐந்து பெட்டி. பள்ளத்தின் அடியில் உள்ள தண்டவாள வெல்டு ஒவ்வொரு பெட்டிக்கும் ஒருமுறை வளைகிறது என்று வைத்தால், வருடத்துக்கு 3 லட்சம் முறை. வெல்டின் சோர்வு வலிமையைப் பொறியாளர்கள் 20 லட்சம் சுழற்சிக்கு எவ்வளவு தகைவு தாங்கும் என்றுதான் குறிக்கிறார்கள். ஏழு வருடத்துக்குள் அந்த எண் வந்துவிடுகிறது. அதனால்தான் நல்ல வடிவமைப்பாளர் தகைவை அந்த அளவுக்கு வெகு கீழே வைக்கிறார்.

இதில் வியப்பான விதி ஒன்று உண்டு. வெல்டின் ஆயுள், தகைவின் மும்மடிக்கு எதிராகக் குறையும். தகைவு இரட்டித்தால் ஆயுள் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகும். கால் பங்கு மட்டும் கூடினால்? 1.25 × 1.25 × 1.25 = 1.95. ஆயுள் கிட்டத்தட்டப் பாதி போச்சு!

இடமாற்றத்தின் ஆபத்து முழுவதும் இந்தக் கால் பங்கில் இருக்கிறது. புதிய இடத்தில் ஒரு தூண் சில மில்லிமீட்டர் தாழ்ந்து உட்கார்ந்தால், அதன் பாரத்தைப் பக்கத்துத் தூண்கள் சுமக்கும், இடையிலுள்ள தண்டவாளம் ஒவ்வொரு ரயிலுக்கும் கூடுதலாக வளையும். போல்ட் ஓட்டைகள் நேர் வரவில்லை என்று கடப்பாரை போட்டு நெம்பி மாட்டுவதைவிடப் பெரிய தவறு கிடையாது. தகடு வைத்து உயரத்தைச் சரிசெய்து, அடியில் சுருங்காத கிரவுட் (இடைவெளியை நிரப்பும் சிமெண்ட் கலவை) ஊற்ற வேண்டும். கழற்றிய உயர் வலிமை போல்ட்டைத் திரும்பப் போடாமல் புதிதே வாங்க வேண்டும். எண்களைப் பெயிண்டில் எழுதினால் கப்பல் பயணத்தில் அழிந்துபோகும். உலோகத் தகட்டில் குத்திக் கட்ட வேண்டும். கோவை வட்டாரத்தில் கரிசல் உள்ள இடமென்றால் இன்னும் கவனம் தேவை. ஐப்பசி மழையில் ஊதி, சித்திரை வெயிலில் வெடிக்கிற மண் அது. அஸ்திவாரம் அதைத் தாண்டி உறுதியான தரை வரை இறங்காவிட்டால் தூண்கள் வருடாவருடம் ஏறி இறங்கும். மோட்டாரும் உண்டு: அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. அங்கே நிமிடத்துக்குச் சுமார் 1,800 சுற்று சுற்றியது இங்கே 1,500தான் சுற்றும். கோவை மோட்டார்க்காரர்களுக்கு இது சின்ன வேலை.

சரியாகச் செய்தால் ஒரு எந்திரம் மூன்று நாடு பார்க்கும். அமெரிக்காவின் கிங்ஸ் டொமினியனில் 1977இல் தொடங்கிய கிங் கோப்ரா, இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில் 1990 முதல் 1996 வரை ஓடி, பிறகு பிரேசிலின் ஹோப்பி ஹாரிக்குப் போனது. அதன் ரயிலைப் பாய வைத்தது கோபுரத்துக்குள் விழும் பெரும் எடை. கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் நம் கவலை ஏற்றத்தில் மாடு சரிவில் இறங்கப் பறி மேலே வருமே, அதே கயிற்றுக் கணக்கு.

மறுபக்கமும் உண்டு. ஸ்வார்ஸ்கோஃபின் மூன்று வளையக் கோஸ்டர் ஒன்று ஜெர்மனி, மலேசியா, இங்கிலாந்து என்று சுற்றி மெக்சிகோ நகரில் 'கிமேரா' ஆனது. 2019 செப்டம்பர் 28 அன்று அதன் கடைசிப் பெட்டி தடம் புரண்டு இருவர் இறந்தார்கள். பராமரிப்புக் குறைவே காரணம் என்று அரசு விசாரணை சொன்னது.

ஆயுத பூஜைக்கு எந்திரத்தைத் துடைத்துப் பொட்டு வைக்கும் வழக்கத்தை மனதார மதிக்கிறேன். மூலை முடுக்கெல்லாம் அன்றைக்குக் கை படுகிறது. ஆனால் விபத்துக்குப் பிறகு திருஷ்டி என்று பூசணிக்காய் உடைத்துவிட்டு, முறிந்த துண்டைப் பழைய இரும்புக்குப் போடுவது இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். முறிந்த முகம்தான் ஒரே சாட்சி. விரிசல் சோதனை தெரிந்தவர்கள் கோவை வார்ப்படத் தொழிலில் நிறையவே இருக்கிறார்கள். நோம்பித் தூரிகளையும் பூங்காச் சவாரிகளையும் அவர்கள் வருடம் ஒருமுறை பார்க்க அரசு பணம் ஒதுக்க வேண்டும். பாலிடெக்னிக் மாணவர்களையும் கூடச் சேர்க்கலாம்.

சோதனை ஒன்றும் பெரிய மர்மமில்லை. பழைய சவாரி வாங்குகிறவர் பளபளக்கும் புதுப் பெயிண்ட்டை முதலில் சந்தேகப்பட வேண்டும். வெல்டு விளிம்பிலும் சக்கரம் தாங்கும் அச்சிலும் அதைச் சுத்தமாகச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, சிவப்புச் சாயத் திரவத்தைத் தெளித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். விரிசல் இருந்தால் சாயம் அதற்குள் ஊறும். மேலே உள்ளதைத் துணியால் துடைத்துவிட்டு வெள்ளைப் பூச்சைத் தெளித்துக் காத்திருக்க வேண்டும். வெள்ளையின் மேல் முடியளவு சிவப்புக் கோடு ஒன்று கசிந்து வந்தால், காரணம் தெரிந்து பாகம் மாற்றப்படும் வரை அந்த ரயில் நகரக் கூடாது.