விசரா: உள்ளுறுப்பு மாதிரி

‘விசரா அறிக்கை வந்த பிறகே இறப்புக்கான காரணம் தெரியும்.’ சந்தேக மரணச் செய்திகள் பலவும் இந்த வரியோடு நின்றுவிடுகின்றன. விஸ்ரா என்றும் எழுதுகிறார்கள்.

லத்தீனில் ‘விஸ்குஸ்’ என்றால் உடலின் உள்ளுறுப்பு. ‘விஸ்கெரா’ அதன் பன்மை. ஆங்கில மருத்துவம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. நம் பிணவறைகளில் அதன் பொருள் சுருங்கிவிட்டது. நஞ்சு இருக்கிறதா என்று அறிய, பிரேதப் பரிசோதனையின்போது எடுத்துப் பாட்டிலில் அடைத்து முத்திரையிடும் உறுப்புத் துண்டுகளே இங்கே விசரா. யாழ்ப்பாணத்தில் விசர் என்றால் பைத்தியம். அங்குள்ளவர் காதில் இந்தச் சொல் ‘பைத்தியக்காரா’ என்றுதான் விழும்.

தமிழில் இதற்கு மிக நெருங்கிய பழஞ்சொல் ஈரற்குலை. ‘ஈரக்குலை நடுங்கிப்போச்சு’ என்கிறோமே, அதுதான். ஆனால் ஈரலைச் சேர்ந்த கொத்தைக் குறிக்கும் அந்தச் சொல்லில் இரைப்பையும் சிறுகுடலும் வராது. ‘குடல் பரிசோதனை’ என்றால் உயிரோடு இருப்பவருக்குச் செய்யும் சோதனை என்று ஆகிவிடும். ‘உள்ளுறுப்புகள் அனுப்பப்பட்டன’ என்று மட்டும் எழுதினால், எல்லா உறுப்புகளையும் முழுதாக எடுத்துவிட்டார்களோ என்று வீட்டார் பதறுவார்கள். ‘உள்ளுறுப்பு மாதிரி’ என்பதே பொருந்தும். மாதிரி என்ற சொல்லை விடவே கூடாது. எடுப்பது எவ்வளவு என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

பெரியவர்களின் உடலில் வழக்கமான அளவு இது: முதல் பாட்டிலில் இரைப்பையும் அதிலுள்ள உணவும், கூடவே சிறுகுடலின் மேற்பகுதியில் சுமார் 30 செ.மீ. இரண்டாவதில் கல்லீரல் 500 கிராம், இரண்டு சிறுநீரகங்களிலும் பாதிப் பாதி. தனியாக 10 மி.லி. இரத்தம். இரைப்பையின் இரு முனைகளையும் நூலால் கட்டிய பிறகே அறுத்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளிருப்பது சிந்திவிடும். அதைச் சுத்தமான தட்டில் வைத்துத் திறந்து, வாசனையையும் நிறத்தையும் அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். கல்லீரலைச் சிறு துண்டுகளாக நறுக்கினால்தான், அழுகாமல் காக்க ஊற்றும் கரைசல் உள்ளே இறங்கும்.

அந்தக் கரைசல் பெரும்பாலும் சாதாரண உப்புதான்: இனி கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்த நீர். ஃபார்மலின் ஊற்றினால் திசு இறுகிப்போய் நஞ்சைப் பிரித்தெடுப்பது கடினமாகிவிடும். குடித்திருந்தாரா என்ற கேள்வி இருக்கும்போது ஸ்பிரிட் ஊற்றினால் சோதனையே பாழ். இரத்தத்துக்கு மி.லி.க்கு 10 மி.கி. சோடியம் ஃபுளோரைடு சேர்ப்பார்கள். பாட்டிலை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. அழுகும்போது எழும் வாயு மூடியைத் தள்ளிவிடும், கண்ணாடியையே உடைத்தும்விடும்.

அடிக்கடி மறந்துபோவது இன்னொரு சிறு பாட்டில். ஊற்றிய அதே உப்புக்கரைசலில் கொஞ்சம் தனியே அனுப்ப வேண்டும். நஞ்சு உப்பிலேயே இருந்திருக்கலாமே என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டால், பதில் அந்தப் பாட்டிலில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் பிரேதப் பரிசோதனை எண், காவல் நிலையக் குற்ற எண், உறுப்பின் பெயர், சேர்த்த கரைசல், தேதி, மருத்துவர் கையொப்பம் இருக்க வேண்டும். மேலே அரக்கு முத்திரை; அதன் பதிவு ஒன்று தனித்தாளில் போகும். ஆய்வகம் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது இரண்டு முத்திரைகளையும்தான்.

நஞ்சைத் தேடும் இந்தப் பணிக்கென்றே 1849இல் சென்னையில் வேதியியல் ஆய்வாளர் கூடம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் அதுவே முதலாவது. ஆவியாகும் நஞ்சுகளை வாலைவடித்தும் (ஆவியாக்கிக் குளிரவைத்து), பூச்சிமருந்துகளைக் கரைப்பான்களால் பிரித்தும், உலோக நஞ்சுகளைத் திசுவை அமிலத்தில் சிதைத்தும் பார்ப்பார்கள். ஒடுவந்தழை, அரளி போன்ற தாவர நஞ்சென்று சந்தேகம் இருந்தால், அனுப்பும் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். வழக்கமான சோதனைகளில் அவை எளிதில் தப்பிவிடும்.

‘நஞ்சு கண்டறியப்படவில்லை’ என்று அறிக்கை வந்தால், நஞ்சு குடிக்கவில்லை என்று செய்தி எழுதிவிடுகிறார்கள். அது தவறு. வாந்தியிலும் இரைப்பைக் கழுவலிலும் நஞ்சு வெளியேறியிருக்கலாம், மருத்துவமனையில் இருந்த நாட்களில் உடலே சிதைத்திருக்கலாம், மாதிரி அழுகியிருக்கலாம். ஆய்வகம் சொல்வது பாட்டிலில் என்ன கிடைத்தது என்பதை மட்டுமே. இறப்புக்கான காரணத்தைப் பற்றி இறுதிக் கருத்தை எழுதுபவர் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர்.