பெற்றோல் இல்லாத காலத்தில் பழக்கம் என்னவாகும்?

2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது, கொட்டிலில் தூசி பிடித்துக் கிடந்த சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் இலங்கையின் வன்னியில் நிறையப் பேர். நானும் ஒருவன். ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்றார்கள். அப்புறம் கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாக எரிபொருள் வாங்கும் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்.

அன்றாடப் பயணத்தை நாம் யோசித்துச் செய்வதில்லை. காலையில் கை தானாகச் சாவியை எடுக்கிறது. ஒரே நேரம், ஒரே இடம், ஒரே செயல் என்று திரும்பத் திரும்ப நடந்தால் மூளை மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடும்; வேறு வழியைத் தேடவே தேடாது. சூழல் குலையும்போதுதான் அந்த முடிச்சு தளர்கிறது. எப்படிப் போவது என்பதோடு, போகத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் அப்போது எழுகிறது.

2014 பெப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் ஊழியர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பயண அட்டைத் தரவுகளை ஆராய்ந்தபோது, வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் பயணிகளில் சுமார் 5 வீதமானோர் பழைய பாதைக்குத் திரும்பவில்லை என்று தெரிந்தது. கட்டாயத்தில் தேடியபோது முன்னதைவிட நல்ல பாதை அகப்பட்டிருக்கிறது. தூரங்களைத் திரித்துக் காட்டும் ரயில் வரைபடத்தை நம்பி அதுவரை சுற்றிப் போயிருக்கிறார்கள், பாவம்.

சரி, எல்லா மாற்றமும் இப்படி ஒட்டிக்கொள்ளுமா? போர் நாட்களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆவியாகச் சூடு வேண்டும். அதனால் சில துளி பெற்றோலை விட்டு உதைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கக்கும், எஞ்சின் இடிக்கும், பிளக்கில் கரி பிடிக்கும். 2002இல் கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதி திறந்து பெற்றோல் தாராளமாக வந்த பிறகு அந்த வித்தையை யார் கட்டிக்கொண்டு அழுவார்கள்? யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் இடையே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் கடந்த கிளாலிக் கடல்நீரேரிப் பாதையையும் இன்று யாரும் தேடிப் போவதில்லை. வேறு வழியில்லாமல் பிடித்ததை, வழி பிறந்ததும் கைவிட்டுவிடுவோம்.

2022இன் சைக்கிள் லண்டன்காரரின் புதுப் பாதைக்கும் நம் மண்ணெண்ணெய் வித்தைக்கும் நடுவில் நிற்கிறது. பரந்தனில் இருந்து கிளிநொச்சிக்கு மிதிக்கலாம். துணுக்காயில் இருந்து மாங்குளம் தாண்டி முல்லைத்தீவுக் கச்சேரிக்கு வெயிலில் யார் மிதிப்பது? என் சைக்கிளும் கொட்டிலுக்கே திரும்பிவிட்டது. ஆனால் சந்தை, வங்கி, உரக்கடை மூன்றையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கிற வழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை.