சேலம் – தூத்துக்குடி 55 நிமிடமா? கொஞ்சம் நில்லுங்கள்

போன வாரம் காலை பத்து மணிக்கு ஒருவர் போன் செய்தார். "அண்ணே, நம்ம சேலம் காமலாபுரம் ஏர்போர்ட் வாசல்ல நிக்கிறேன். தூத்துக்குடிக்கு ஒரு டிக்கெட் போடுங்க. சித்தப்பா தவறிட்டாரு, நாலு மணிக்கு எடுக்கிறாங்க." அப்படி ஒரு விமானமே கிடையாது என்றேன். "நெட்டுல சேலம் – தூத்துக்குடி விமானத்துல 55 நிமிஷம்னு போட்டிருக்கே, அண்ணே!" என்றார். எட்டு மணிக்கே வீட்டிலிருந்து நேராகக் காரில் கிளம்பியிருந்தால் மூன்று மணிக்குள் போய்ச் சேர்ந்திருப்பார். ஏர்போர்ட்டுக்குப் போய், விசாரித்து, திரும்பிக் கிளம்பியதில் அவருக்குக் கடைசியாக முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

சேலத்தில் 18 வருடமாக டிக்கெட் போடுகிறேன். இந்த 55 நிமிடத்தை நம்பி என்னிடம் வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

தூரம் காட்டும் இணையதளங்கள் கணக்குதான் போடுகின்றன, விமானம் விடுவதில்லை. இரண்டு ஊருக்கும் நடுவே வரைபடத்தில் நேர்கோடு போட்டால் சுமார் 340 கிலோமீட்டர். அதைப் பெரிய ஜெட்டின் வேகத்தால், அதாவது மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்தால் 55 நிமிடம் வரும். விமானம் ஓடுகிறதா என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. எந்த இரண்டு ஊரைக் கொடுத்தாலும் ஒரு நேரம் காட்டும். இந்த மாதிரி சின்ன ஊர்களுக்குப் பெரும்பாலும் வருவது ஏடிஆர் எனும் சின்ன இறக்கைச்சுழலி விமானம். அதன் வேகமே மணிக்கு 500 கிலோமீட்டர்தான். ஆக, நேரடி விமானமே இருந்தாலும் 55 நிமிடம் நடக்காது.

சரி, சென்னை வழியாகப் போகலாமே என்பீர்கள். சேலத்திலிருந்து சென்னை 265, அங்கிருந்து தூத்துக்குடி 525. 340 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்கு 790 கிலோமீட்டர் பறக்க வேண்டும். காமலாபுரம் போகும் நேரம், சென்னையில் காத்திருப்பு, தூத்துக்குடி ஏர்போர்ட் இருக்கும் வாகைக்குளத்திலிருந்து ஊருக்குள் போவது எல்லாம் சேர்ந்தால், எதுவும் தாமதமாகாத நாளிலேயே ஏழு மணி நேரம் தாண்டும். மதுரை வழியாகக் காரில் போனாலும் அதே நேரம்தான்.

தூத்துக்குடியில் 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள், ஓடுபாதையையும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீட்டினார்கள். நல்லது. ஆனால் ஓடுபாதை நீண்டால் தானாக விமானம் வந்துவிடாது. சேலத்தையே பாருங்கள்: 2018இல் மறுபடி சேவை தொடங்கி, 2021இல் நின்று, 2023 அக்டோபரில்தான் திரும்ப வந்தது. மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் அட்டவணை வேறு மாறும். "போன வருஷம் இருந்துச்சே" என்று வந்து நிற்காதீர்கள்.

விமான நிறுவனத்தின் தளத்தில் தேதியைப் போட்டுப் பாருங்கள். டிக்கெட் விற்பனைக்கு இருந்தால்தான் விமானம் இருக்கிறது. கனெக்ஷன் என்றால் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது டிக்கெட் காசு போனது போனதுதான். ஏடிஆரில் கைப்பை 7 கிலோ. கவுன்ட்டரில் வந்து சண்டை போடாதீர்கள். அவசரமில்லாத பயணமா? இரவில் சேலம் வழியாக மைசூர் – தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் இருக்கிறது, தூங்கிக்கொண்டே போகலாம்.

அப்புறம், துக்கச் செய்தி வந்த வீட்டில் நிதானமாகத் தேடிப் பார்க்க யாராலும் முடியாது, எனக்குப் புரிகிறது. காரை எடுக்கும் முன் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு டிராவல்ஸுக்கு ஒரு போன் போடுங்கள். நடுராத்திரியானாலும் பரவாயில்லை, எடுப்போம். இதைச் சொல்ல நாங்கள் காசு வாங்குவதில்லை.